பங்குச் சந்தையின் வாயில்

ஒரு கம்பெனியின் பங்குகளை அதன் முதலாளியிடமிருந்தே நேரில் வாங்குகிறவர், விரும்பினால் தொழிற்சாலைக்குச் சென்று இயந்திரங்களைப் பார்க்கலாம். கணக்குப் புத்தகங்களைப் புரட்டலாம். முதலாளியின் குணத்தை ஊரில் நாலு பேரிடம் விசாரித்தும் அறியலாம். ஆனால், திருநெல்வேலியில் அமர்ந்துகொண்டு, தாம் ஒருநாளும் கண்டிராத ஒருவர் விற்கிற பங்கை, தாம் ஒருநாளும் கண்டிராத ஒரு கம்பெனியின் பெயரை நம்பி வாங்குகிறவருக்கு இந்த வசதிகளில் ஒன்றுமே இல்லை. அவரால் செய்ய இயலாத அந்த விசாரணையை அவருக்காக முன்கூட்டியே செய்துவைக்கும் பொருட்டு ஏற்பட்டவையே, மும்பைப் பங்குச் சந்தையிலோ தேசியப் பங்குச் சந்தையிலோ தன் பங்குகளைப் பட்டியலில் சேர்க்க விரும்பும் கம்பெனி நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள்.

ஆதியில் இவை இருக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தினால் இந்தியப் பருத்தியின் விலை ஏறிப் பம்பாயில் பணம் பெருகிய காலத்தில், புதிது புதிதாகத் தோன்றிய கம்பெனிகளின் பங்குகளைத் தரகர்கள் தாராளமாக விற்றார்கள். 1865இல் யுத்தம் முடிந்து பருத்தி விலை சரிந்ததும் அக்கம்பெனிகளில் பல மறைந்தன. அவற்றை நம்பியவர்கள் ஏழைகளானார்கள். தரகர்கள் 1875இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள் என்றாலும், நாடு முழுவதிலும் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1956இல்தான் பிறந்தது. செபி என்று வழங்கும் கண்காணிப்பு வாரியத்திற்குச் சட்டபூர்வமான அதிகாரம் 1992இல்தான் கிடைத்தது. பொது வெளியீடுகளுக்கு இன்று வழங்கும் விதிகள், அவ்வாரியம் 2018இல் தொகுத்து வெளியிட்டு, பின்னர் அவ்வப்போது திருத்தி வருபவை.

அவ்விதிகளின்படி, பொது ஜனங்களிடம் மூலதனம் கேட்டு வரும் கம்பெனி, முந்திய மூன்று வருஷங்களில் ஒவ்வொன்றிலும் 3 கோடி ரூபாய்க்குக் குறையாத ஸ்தூலமான நிகரச் சொத்தும், 1 கோடிக்குக் குறையாத நிகர மதிப்பும் உடையதாக இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷங்களிலும் தொழிலில் இலாபம் கண்டு, அதன் சராசரி 15 கோடியை எட்டியிருக்க வேண்டும். சொத்தில் பாதிக்குமேல் ரொக்கமாகவோ அதையொத்த பண ரூபத்திலோ இருக்குமானால், அந்த அதிகத் தொகையைத் தொழிலில் ஈடுபடுத்த உறுதியான ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி. பணத்தைச் சும்மா வைத்திருக்கும் கம்பெனிக்குப் பிறர் பணம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதானே?

இவற்றைவிட என் மனத்தை மிகவும் கவர்ந்தது, பெயரைப் பற்றிய நிபந்தனை. ஒரு கம்பெனி கடந்த ஒரு வருஷத்துக்குள் தன் பெயரை மாற்றியிருந்தால், புதிய பெயர் எந்தத் தொழிலைக் குறிக்கிறதோ அந்தத் தொழிலிலிருந்தே, முந்திய முழு வருஷத்து வருமானத்தில் பாதியாவது வந்திருக்க வேண்டும். பெயரில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. 1999, 2000 ஆகிய வருஷங்களில் கம்ப்யூட்டர் தொழிலின்மீது ஜனங்களுக்கு மோகம் தலைக்கேறியிருந்தபோது, வேறு தொழில் செய்துகொண்டிருந்த கம்பெனிகள் சில, தொழிலை மாற்றாமலே பெயரில் மட்டும் ‘சாஃப்ட்வேர்’ என்றோ ‘இன்ஃபோ’ என்றோ சேர்த்துக்கொள்ள, அந்தப் பெயரைக் கண்டே ஜனங்கள் பங்குகளை வாங்கினார்கள். எளியவர் எவ்விடத்தில் ஏமாறுவார் என்பதை இவ்வளவு நுட்பமாக அறிந்து எழுதப்பட்ட விதியைச் சட்டப் புத்தகங்களில் அடிக்கடி காண முடியாது.

இலாபம் காணாத கம்பெனிக்கு வாயில் அடியோடு மூடப்பட்டிருக்கிறதா என்றால், இல்லை. அது தன் வெளியீட்டில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் பரஸ்பர நிதிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போன்ற தகுதி பெற்ற பெரிய முதலீட்டாளர்களுக்கு ஒதுக்க வேண்டும். அவர்கள் அவ்வளவு வாங்க முன்வராவிட்டால் வசூலித்த பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். உணவை வீடு தேடிக் கொண்டு தரும் ஸோமாட்டோ 2021இல் சந்தைக்கு வந்தது இவ்வழியாகத்தான். நஷ்டத்தைத் தாங்கும் சக்தியும் கணக்கைச் சோதிக்கும் அறிவும் உடையவர்கள் முதலில் பொறுப்பேற்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டை நான் சரியென்றே கருதுகிறேன்.

கம்பெனியைத் தோற்றுவித்தவர்கள் பங்குகளை நல்ல விலைக்கு விற்றுவிட்டு மறுநாளே விலகிப் போய்விடாதபடி, வெளியீட்டுக்குப் பிந்திய மூலதனத்தில் 20 சதவீதமாவது அவர்கள் பெயரில் சாதாரணமாகப் பதினெட்டு மாதம் பூட்டிவைக்கப்படுகிறது. செபிக்குச் சமர்ப்பிக்கும் வரைவு அறிக்கையோ, பொது ஜனங்கள் படித்து அபிப்பிராயம் சொல்வதற்காக 21 நாள் பகிரங்கமாக வைக்கப்படுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களுள்ள அவ்வறிக்கையில், கம்பெனிக்கு நேரக்கூடிய அபாயங்களையும் அதன்மீதுள்ள வழக்குகளையும் கூறும் பகுதிகளையாவது படிக்காமல் எவரும் விண்ணப்பம் செய்யலாகாது. ஏனெனில், செபி அறிக்கையைப் பரிசீலித்தது என்பதற்கு, கம்பெனி நல்லதென்று அது சான்று அளித்தது என்று பொருளல்ல; இவ்விஷயம் அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்.

வெளியீட்டில் குறைந்தது 90 சதவீதம் விண்ணப்பங்களால் நிரம்ப வேண்டும். பங்கு பெறுவோர் ஆயிரம் பேருக்குக் குறையக் கூடாது. பங்கு ஒதுக்கப்படும்வரை விண்ணப்பதாரரின் பணம் அவருடைய சொந்த பாங்குக் கணக்கிலேயே முடக்கப்பட்டு இருக்கும். வெளியீடு முடிந்த மூன்றாவது வேலை நாளில் பங்குகள் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

பட்டியலில் ஏறிய கம்பெனிக்குப் பின்னர் ரகசிய வாழ்க்கை இல்லை. மூன்று மாதத்துக்கொரு முறை கணக்கு முடித்து 45 நாட்களுக்குள்ளும், வருஷக் கணக்கை 60 நாட்களுக்குள்ளும் அது வெளியிட வேண்டும்; இயக்குநர் சபை சந்தை நேரத்தில் கூடிக் கலைந்தால், முக்கியமான தீர்மானங்களை 30 நிமிஷத்துக்குள் சந்தைக்கு அறிவிக்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளில் சலிப்புற்று வெளியேற நினைத்தாலும், அது முதலாளியின் இஷ்டத்தை மட்டும் பொறுத்ததன்று. பொதுப் பங்குதாரர்களில் எதிர்த்து விழும் வாக்குகளைப்போல் இருமடங்காவது ஆதரவாக விழ வேண்டும். அதன்பின் நியாயமான விலை கொடுத்து அவர்களுடைய பங்குகளை வாங்கி, மொத்தத்தில் 90 சதவீதத்தைத் தம் வசம் சேர்த்துக்கொண்ட பிறகே, கம்பெனியைத் தோற்றுவித்தவர்கள் அதைப் பட்டியலிலிருந்து நீக்கிக்கொள்ள முடியும்.