முற்றத்துச் சாடியில் ஒரு கும்குவாட்

வளவு என்ற சொல் எமது வீடுகளிலிருந்து மெல்ல மெல்ல மறைந்து வருகின்றது. கிணற்றடியில் ஒரு தேசி மரம், அதற்கப்பால் மாதுளை, வேலியோரம் முருங்கை என்றிருந்த காணிகள் இன்று மகளுக்கொரு வீடு என்று துண்டாடப்பட்டுவிட்டன. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் வீட்டுச் சுவரும் அயல் வீட்டு மதிலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. கொழும்புத் தொடர்மாடிகளில் வசிப்போருக்கோ பல்கனியின் நாலடி இடம் மட்டுமே மிச்சம். பச்சையைக் காணாமலே வளரும் பிள்ளைகள் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒரு சாடிக்குள் அடங்கக்கூடிய பழமரம் ஏதேனும் உண்டா எனப் பல சகோதரிகள் கேட்பதுண்டு. உண்டு. அவற்றுள் அழகும் பயனும் ஒருங்கே அமைந்தது கும்குவாட் என்னும் சிறு தோடையினம்.

கும்குவாட் பழம் ஒரு பெரிய முந்திரிகைப் பழத்தின் அளவே இருக்கும். தோடை, தேசி முதலியவற்றின் தோலை நீக்கிச் சுளையை உண்கிறோம். இதிலோ தோலே இனிப்பு, உள்ளிருக்கும் சுளை புளிப்பு. ஆகவே தோலுடன் முழுதாகவே மெல்ல வேண்டும். இதன் சொந்த நாடு சீனா. 1178ஆம் ஆண்டிலேயே தோடையினங்களைப் பற்றிச் சீனத்தில் எழுதப்பட்ட ஒரு நூலில் இது குறிப்பிடப்பட்டுள்ளது. ரொபர்ட் போர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் 1846இல் இதனை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். எனவே ஐரோப்பா இதனை அறிந்தது மிகப் பிந்தித்தான்.

தோடையினங்களின் பயணத்தில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்குண்டு. எமது நாரத்தையும் சிங்களத்தின் நாரங்கும் அரபு மொழியின் நாரஞ்சும் ஸ்பானிய மொழியின் நரஞ்ஹாவும் ஒரே குடும்பத்துச் சொற்கள். கீழைத்தேயத்துப் புளித்தோடையை அந்தலுஸ் வரை கொண்டு சென்றவர்கள் அரபிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தமது 'கிதாபுல் பிலாஹா'வில் நாரஞ்ச், எலுமிச்சை, உத்ருஜ் ஆகியவற்றின் வளர்ப்பு முறைகளை விவரித்துள்ளார். கோர்டோபாப் பெரிய பள்ளிவாசலின் முற்றம் இன்றும் 'தோடை மர முற்றம்' என்றே அழைக்கப்படுகிறது. அல்குர்ஆனை ஓதும் முஃமினுக்கு, மணமும் சுவையும் ஒருங்கே நல்லதான உத்ருஜ் கனியை நபி (ஸல்) அவர்கள் உவமித்ததைப் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் காண்கிறோம். முற்றத்துத் தோடை எமக்குப் புதிய நாகரிகமல்ல.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். சீனப் புத்தாண்டின்போது ஹொங்கொங்கிலும், 'தெட்' பண்டிகையின்போது வியட்நாமிலும் காய்த்துக் குலுங்கும் கும்குவாட் சாடிகளை வீட்டு வாசலில் வைப்பார்கள். பெயரின் முற்பாதி பொன்னையும், பிற்பாதியின் ஓசை நற்பேற்றையும் நினைவூட்டுவதே காரணம். பண்டிகை முடிந்ததும் பெருந்தொகையான மரங்கள் குப்பைக்குப் போய்விடுகின்றன. அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி ஒரு செடியை வாங்குவது எமது அகீதாவுக்குப் பொருந்தாது. அதற்காக மரத்தை வெறுக்கவும் தேவையில்லை. மரம் என்ன குற்றம் செய்தது?

எதை வாங்குவது?

எமது கன்றுக் கடைகளில் கும்குவாட் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே கும்குவாட் அல்ல. கலமொண்டின் என்ற கலப்பினமும் இதே பெயரில் விற்பனையாகிறது. அது கும்குவாட்டும் மண்டரின் தோடையும் கலந்து உருவானது. மலேசியாவில் 'லிமாவ் கஸ்தூரி' என்பார்கள். அதன் பழம் உருண்டையானது, தோல் மெல்லியது, சாறு தேசியைப் போலப் புளிக்கும். நீள்வட்டப் பழமுடையது பெரும்பாலும் கும்குவாட்தான். ஆனால் உருண்டைப் பழமுடைய கும்குவாட் இனமும் உண்டு.

கும்குவாட் குளிரைத் தாங்கும் மரம். இரவுக் குளிர் இருந்தால்தான் தோலில் பொன்னிறம் நன்கு ஏறும். நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பகுதிச் சகோதரிகள் தாராளமாக இதை வளர்க்கலாம். கரையோரத்து வெப்பத்திலும் வளரும். ஆனால் பழம் பச்சை கலந்தே பழுக்கக்கூடும். பிபிலைத் தோடை பச்சைத் தோலுடனேயே இனிப்பதை நாம் அறிவோம் அல்லவா? காய் வேண்டும், சமையலுக்குப் புளிப்பும் வேண்டும் என்று நினைக்கும் கரையோர மக்களுக்கு என் சிபாரிசு கலமொண்டின் அல்லது தேசிதான். கீழே சொல்லப்படும் பராமரிப்பு மூன்றுக்குமே பொருந்தும்.

ஒட்டுக் கன்றையே வாங்குங்கள். விதையில் முளைத்தது காய்க்கப் பல வருடங்கள் செல்லும். ஒட்டிய இடம் தண்டில் ஒரு முடிச்சுப் போலத் தெரியும். அதற்குக் கீழிருந்து வரும் துளிர்களை அவ்வப்போதே கிள்ளிவிட வேண்டும். அவை அடிமரத்துக்குரியவை; முட்களுடன் செழித்து வளர்ந்து, மேலேயுள்ள நல்ல மரத்தைப் பட்டினி போட்டுவிடும். அலங்காரத்துக்காக விற்கப்படும் கன்றுகளுக்குப் பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். ஆகையால் வாங்கும்போது மரத்திலிருக்கும் பழங்களைப் பிள்ளைகளுக்குக் கொடாமல், அடுத்த காய்ப்புக்குக் காத்திருப்பது நல்லது.

சாடியும் மண்ணும்

சிறிய கன்றை எடுத்த எடுப்பிலேயே பெரிய பீப்பாயில் நடுவது நல்லதல்ல. வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து புளித்துவிடும். முதலில் 12 அங்குல வாய் அகலமுள்ள சாடி, இரண்டு மூன்று வருடங்களில் 16 அல்லது 18 அங்குலம் என்று ஏற்றிச் செல்லலாம். மண்சாடி மூச்சு விடும். ஆனால் விரைவில் உலர்ந்துவிடும். பெயின்ற் வாளியும் போதும், அடியில் நாலைந்து துளைகள் இருந்தால். துளையில்லாத அழகுச் சாடியில் தோடையினம் எதுவும் பிழைக்காது.

வெறும் தோட்டத்து மண் சாடிக்குள் இறுகிக் கல்லாகிவிடும். மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு அல்லது பழைய மாட்டெரு ஒரு பங்கு, ஆற்று மணலும் தும்புத்தூளும் சேர்ந்து ஒரு பங்கு என்று கலக்கலாம். தும்புத்தூளில் உப்பிருக்கக்கூடும் என்பதால் நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பின்பே சேர்க்க வேண்டும். கடல் மணலை எக்காரணம் கொண்டும் சேர்க்க வேண்டாம். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நட வேண்டும். சாடியை மூன்று செங்கற்களின் மீது தூக்கி வையுங்கள். நீர் வடியவும் வசதி, சிலாப்பின் சூடு நேரே வேருக்கு ஏறாமலும் இருக்கும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் அவசியம். விறாந்தையின் நிழலில் இலை மட்டும் இருக்கும், பூ இராது.

தண்ணீர்

சாடி மரங்கள் தாகத்தால் இறப்பதை விட அளவு கடந்த அன்பினாலேயே அதிகம் இறக்கின்றன. காலையில் உம்மா ஒரு கோப்பை, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒரு கோப்பை, மாலையில் வாப்பா ஒரு வாளி. வேர் அழுகி இலை மஞ்சளாகிச் சோர்கிறது. சோர்ந்த இலையைக் கண்டதும், தாகம் போலும் என்று இன்னும் ஊற்றுகிறார்கள்.

இதற்கு அளவுகோல் கடிகாரமல்ல, விரல். சுட்டு விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள். உலர்ந்திருந்தால், அடித்துளையால் வடியும் வரை ஊற்றி, மீண்டும் உலரும் வரை தொட வேண்டாம். கடும் வெயில் காலத்தில் இது தினமும் நேரலாம். மாரியில் வாரக்கணக்கில் தேவைப்படாமலும் போகலாம்.

வுழூச் செய்த நீரை ஊற்றலாமா என்று சிலர் தயங்குகின்றனர். எமது மத்ஹபில் அந்த நீர் 'முஸ்தஃமல்' எனப்படும். அதனால் மீண்டும் வுழூச் செய்ய முடியாதே தவிர, அது சுத்தமான நீரே. மரத்துக்கு ஊற்றுவதில் எத்தடையும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரால் வுழூச் செய்துள்ளார்கள். அது இன்றைய அளவில் முக்கால் லீற்றருக்கும் குறைவு. நாமோ குழாயைத் திறந்துவிட்டு வாளிக்கணக்கில் ஓடவிடுகிறோம். ஒரு வேளைக்கு எவ்வளவு ஓடுகிறது என்பதை ஒரு பேசினில் பிடித்துப் பார்த்தால் நாமே திகைப்போம். முழுக் குடும்பத்தின் ஐவேளை வுழூ நீரையும் ஒரே சாடியில் கொட்டிவிடவும் கூடாது; அதுவும் முன் சொன்ன அன்பின் வகைதான்.

கரையோரத்தில் இன்னொரு பிரச்சினை உண்டு. தோடையினங்கள் உப்பைத் தாங்கா. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் கிழக்குக் கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாகிப் போனதை நாமறிவோம். கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் இலை நுனிகள் கருகத் தொடங்கும். அத்தகைய வீடுகளில் மழைநீரைப் பிடித்து மூடிவைத்து ஊற்றுவதே வழி.

ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் 'நபகாத்' பாடத்தின் இறுதிப் பகுதியை மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். மனைவி மக்களுக்குரிய செலவினங்களைச் சொல்லி முடித்தபின், வளர்ப்புப் பிராணிகளுக்குத் தீனியும் நீரும் கொடுப்பது கடமை என்று இமாம்கள் எழுதுகிறார்கள். தேன்கூட்டிலிருந்து தேன் எடுப்பவர் தேனீக்களுக்கும் சிறிது விட்டுவைக்க வேண்டும் என்பது வரை செல்கிறார்கள். அதன் பின்னர், இயலுமாயிருந்தும் பயிருக்கும் மரத்துக்கும் நீர் பாய்ச்சாமல் விடுவது மக்ரூஹ் என்றும், அது பொருளை வீணாக்குவதாகும் என்றும் கூறுகிறார்கள். நிலத்தில் நிற்கும் மரம் வேரை நீட்டி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். சாடியில் இருப்பதற்கு எம் கையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. நோன்பு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டுத் திறப்பை அயலாரிடம் கொடுப்பவர்கள், சாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிச் செல்லட்டும்.

அயலாரும் நுளம்பும்

தொடர்மாடியில் ஊற்றும் நீர் கீழ்வீட்டுக்காரரின் காயும் உடுப்பில் சொட்டினால், அது அயலார் உரிமையைப் பாதிக்கும் காரியமாகிவிடும். அதற்காகச் சாடியின் கீழ் தட்டு வைக்கிறோம். அத்தட்டில் நீர் தேங்கினாலோ அது டெங்கு நுளம்பின் தொட்டிலாகிறது. முட்டை நுளம்பாக வெளிவர ஒரு வாரம் பத்து நாள் போதும். 2017இல் எமது நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். ஆகவே தட்டு வைப்பவர்கள், நீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். வாரமொரு முறை தும்பினால் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டைகள் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு உலர்விலும் உயிர் தரிக்கும். இதைச் செய்ய இயலாதவர்கள் தட்டில் மணல் நிரப்பி வைக்கட்டும். பரிசோதகர் வருவார் என்று பயந்து செய்யும் வேலையல்ல இது. தொட்டிலில் உறங்கும் எம் பிள்ளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்.

எருவும் பூச்சியும்

சாடி மண்ணின் சத்து நீரோடு வடிந்துபோவதால், மாதமொரு முறை இரண்டு கை கூட்டெருவை மேல்மண்ணில் கிளறிவிட வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டபோது பலர் வீட்டுக் குப்பையில் கூட்டெரு செய்யப் பழகினார்கள். அந்தப் பழக்கம் சாடிக்குத் தாராளமாகப் போதும். நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இலை தோன்றினால் இரும்பு, நாகம், மக்னீசியம் போன்ற சத்துக் குறைவு. அருகிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் காட்டிக் கேட்பது, கடைக்காரர் தரும் போத்தலை வாங்குவதிலும் மேல்.

இளம் இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது வண்ணாத்திப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகி, தொட்டால் தலையிலிருந்து கவடுள்ள கொம்பொன்றை நீட்டி நாற்றத்தை வெளிவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட வேடிக்கை வேறில்லை. இரண்டு மூன்று புழுக்கள் சிறிய மரமொன்றை மொட்டையாக்கிவிடும் என்பதும் உண்மை. மருந்தடிக்கத் தேவையில்லை, கையால் எடுத்து வேலியிலுள்ள கறிவேப்பிலையில் விட்டால் அதிலும் சில இனங்கள் வளரும். மரம் பெரிதானால் ஒன்றிரண்டை அதிலேயே விட்டுவைக்கலாம். தேனீக்கு விட்டுவைக்கச் சொன்ன இமாம்கள் இதற்கும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறேன். எறும்பு வரிசையாக ஏறினால், தண்டில் செதிற்பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

பூத்தவை எல்லாம் காயாவதில்லை. பெரும்பகுதி உதிர்ந்துவிடும், அதைக் கண்டு கலங்க வேண்டாம். காய்கள் மாதக்கணக்கில் மரத்திலேயே நிற்கும். பறிக்கும்போது இழுக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். இழுத்தால் தோல் கிழியும், பழம் பழுதாகும். கழுவித் துடைத்த பழங்களைப் போத்தலில் ஒரு படை பழம், ஒரு படை உப்பு என்று அடுக்கி இறுக மூடி வைத்தால், மாதங்கள் செல்லச் செல்லக் கருமையடைந்து குழைந்துவிடும். சீனர்கள் அதில் ஒன்றை வெந்நீரில் நசுக்கித் தேன் கலந்து தொண்டைக் கரகரப்புக்குக் குடிப்பார்கள். சீனி சேர்த்துக் காய்ச்சினால் நல்ல ஜாம். தேசிக்காய் ஊறுகாய் போடும் அதே கைப்பக்குவத்தில் போட்டாலும் நெய்ச்சோற்றுக்குப் பொருந்தும். விதையை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள், கசக்கும்.