முன்னால் போகப்போவது மெதுவான கார்! 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற கோவை கார் பிரியர்கள் போட்ட திட்டம்

கோவை, டிச.-

ஒரே மலைப்பாதை. 40 கொண்டை ஊசி வளைவுகள். வரிசையாக 12 கார்கள். அதில் 9 கார்கள் இன்றைக்குக் கம்பெனியில் கேட்டாலும் கிடைக்காத பழைய கார்கள்!

மார்கழிப் பனியில் வால்பாறைக்குப் போய்வர ஆசைப்பட்டு, கோவையில் பழைய கார் வைத்திருக்கும் சிலர் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். வருகிற ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை பயணம். அதற்கான ஆலோசனைக் கூட்டம் காந்திபுரம் பக்கம் ஒரு கார் பட்டறையில் நடந்தது.

விபத்து நடந்த பிறகு நோட்டும் பேனாவுமாக ஓடுவதுதான் நமக்கு வேலை. விபத்து நடக்காமல் இருக்கக் கூட்டம் போடுகிறவர்கள் நம்மைக் கூப்பிடுவது அபூர்வம். கூப்பிட்டார்கள். போனோம்.

பட்டறையில் திருவிழா

பட்டறை வாசலே ஒரு திருவிழா மாதிரி இருந்தது. 2 அம்பாசடர், 3 பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, கான்டெசா ஒன்று, 2 மாருதி 800. மீதி மூன்றும் புதுக் கார்கள்.

தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவர் அம்பாசடரின் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்க கல்யாணத்துக்கு இந்த வண்டிதாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி 800 கார் ரோட்டுக்கு வந்தது. அந்தக் காரும் அம்பாசடரும் 2014-ம் ஆண்டோடு உற்பத்தி நின்று போனவை. ஆனால் கோவைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவார்களா? 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்சை ஓட்டித் தொழிலைத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் ஊர் ஆயிற்றே!

கூட்டத்தில் நாற்காலி பற்றவில்லை. ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். டீயும் வந்தது. தகராறும் வந்தது.

யார் முன்னால் போவது?

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர்தான் ஆரம்பித்தார். அவரிடம் இருப்பது புதுக் கார்.

"வேகமான வண்டிங்க முன்னாடி போயிரட்டுங்க. 9-வது வளைவுல காத்திருக்கிறோம். மத்தவங்க மெதுவா வந்து சேரட்டும்" என்றார்.

பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் கூறியதாவது:-

"தம்பி, முன்னால போறவன் 40-ல போனா, பின்னால வர்றவன் விட்டதைப் பிடிக்க 50-ல வருவான். அவனுக்குப் பின்னால இருக்கிறவன் 60-ல வருவான். வரிசையில கடைசி வண்டிதாங்க அதிக வேகத்துல ஓடும். அந்தக் கடைசி வண்டி பழைய வண்டியா இருந்துட்டா? வளைவு அவனுக்காக நேராயிருமா? அதனால எது ரொம்ப மெதுவோ அதுதான் முன்னால போகணும். மத்ததெல்லாம் அது பின்னாலயே வரணும்."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. "அப்படிப் போனா சாயங்காலம்தான் போய்ச் சேருவோம்" என்றார் ஒருவர்.

மாருதி 800 வைத்திருக்கும், பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள் எழுந்தார். "நாம மலையைப் பார்க்கத்தானே போறோம்? வேகமாப் போய் என்னத்தைப் பார்க்கிறது?" என்று கேட்டார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சரி, எது ரொம்ப மெதுவான கார்? எல்லோரும் திரும்பி ஒரு பெரியவரைப் பார்த்தார்கள்.

சொந்தக் காரில் ஒரு தடவை

அவருக்கு வயது 68. அவருடையது வெள்ளை பத்மினி. முன்பு வால்பாறை எஸ்டேட்டில் டிரைவர் வேலை பார்த்தவர்.

"துரைமாருக்கு 35 வருஷம் கார் ஓட்டினேனுங்க. ராத்திரி 2 மணிக்குப் பிரசவக் கேசைத் தூக்கிப் போட்டுக்கிட்டு பொள்ளாச்சிக்கு இறங்கியிருக்கேன். இந்த மலையை எத்தனை தடவை ஏறி இறங்கினேன்னு கணக்கே கிடையாதுங்க. ஆனா ஒரு தடவைகூட என் சொந்தக் கார்ல போனதில்லீங்க" என்றார் பெரியவர்.

ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கிய கார் அது. அவருடைய மனைவி அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். முன் சீட்டில் அந்த அம்மாவை உட்கார வைத்து, அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசல் வரை ஓட்டிப் போக வேண்டும். அதுதான் பெரியவரின் ஆசை.

ஆனால் அந்தக் காரில்தான் சிக்கல் கிளம்பியது.

சக்கரத்தில் ஈரம்!

கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு காரின் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டார் மெக்கானிக். பெரியவரின் பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். பின் சக்கரம் ஒன்றில் வீல் சிலிண்டர் கசிந்து உள்ளே ஈரமாக இருந்தது.

"பெரியப்பா, இந்த வண்டி இப்படியே வரக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கே மலை ஓட்டச் சொல்லித் தர்றியா நீ? 35 வருஷத்துல ஒரு கீறல் விழுந்ததில்ல!" என்று எகிறினார்.

மெக்கானிக் குரலை உயர்த்தவில்லை. ஒரு பழைய பாட்டிலில் இருந்த பிரேக் ஆயிலை எடுத்துக் காட்டி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாக உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 3' என்று விற்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூட்டைத் தாங்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு 140 டிகிரி தாங்கினாலே பெரிய காரியம். இறக்கத்தில் பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே வந்தால், சக்கரம் கொதிக்கும். ஆயிலும் கொதிக்கும். கொதித்தால் குமிழி வரும். அப்போது பெடலை மிதித்தால் குமிழிதான் அமுங்கும். சக்கரம் நிற்காது. கால் தரை வரைக்கும் போய்விடும்.

"போலீஸ்ல 'பிரேக் பிடிக்காததால் விபத்து'ன்னு எழுதுறாங்களே, அதுல பல கேசு இதுதாங்க. மலை ஏறுறது பெரிசில்லீங்க. இறங்குறதுதான் பெரிசு" என்றார்.

நாமும் எத்தனையோ முறை அந்த வரியை அப்படியே செய்தியாக எழுதியிருக்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. டீ ஆறிப்போனது. பிறகு சொன்னார்:-

"துரை வண்டியில இந்த மாதிரி ஈரம் இருந்தா, நானே ஷெட்டை விட்டு எடுத்திருக்க மாட்டேன். என் வண்டின்னதும் கண்ணு மறைச்சிருச்சு. கழட்டுப்பா. நாலு சக்கரத்துக்கும் மாத்திரு."

ஏறின கியரிலேயே இறங்கு

அதற்குப் பிறகு கூட்டம் சூடு பிடித்தது. மலைப்பாதையை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவரே வாத்தியார் ஆகிவிட்டார்.

"எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு. பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல விட்டா, உசிரைத்தான் செலவு பண்ணணும். ஏறி வர்ற வண்டிக்கு இறங்குறவன்தான் வழி விடணும். சட்டமும் அதைத்தான் சொல்லுது. வளைவுக்கு முன்னால ஹாரன் அடி. எதிர்ல பஸ்சு வந்தா அது திரும்பி முடிக்கிற வரைக்கும் நீ நில்லு" என்றார்.

பனிமூட்டத்துக்கும் பாடம் நடந்தது. பனியில் பெரிய வெளிச்சம் போட்டால் அது பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். ஆகவே தாழ்ந்த வெளிச்சம்தான் போட வேண்டும். ஓடும்போது நாலு சிக்னலையும் மினுக்க விடக்கூடாது. எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

திட்டம் இதுதான்

கடைசியில் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் விவரம் வருமாறு:-

காலை 5 மணிக்கு உக்கடத்தில் கூடுவது. கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி. அங்கே டீ. நன்றாக விடிந்த பிறகு, 7 மணி அளவில் ஆழியாறு சோதனைச் சாவடி. மதியம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு 2 மணிக்கு இறக்கம். இருட்டுவதற்கு முன்னால் அத்தனை காரும் ஆழியாறுக்கு வந்துவிட வேண்டும்.

12 காரும் ஒரே ரயில் மாதிரி போகக்கூடாது. நாலு நாலாகப் பிரிந்து, இடைவெளி விட்டுப் போக வேண்டும். அப்போதுதான் பஸ்சும் ஊர்க்காரர்களின் வண்டியும் தாண்டிப் போக முடியும். ரோடு நமக்கு மட்டும் சொந்தம் இல்லையே!

மலையில் பல இடங்களில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. ஆகவே ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் காரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். காணோம் என்றால் அகலமான இடம் பார்த்து நிற்க வேண்டும். வளைவில் நிற்கக்கூடாது. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதியிருப்பதால், எங்கே நிற்பது என்று முன்கூட்டியே தாளில் குறித்துவிட்டார்கள்.

9-வது வளைவில் லோம்ஸ் காட்சி முனை. கீழே ஆழியாறு அணை தெரியும். அந்தப் பக்கத்தில் வரையாடுகளும் கண்ணில் படும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைத் தாண்டும். அவை அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே யாரும் தீனி போடக்கூடாது என்று தாளில் தனியாக எழுதப்பட்டது.

யானையும் ஆறும்

யானை வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை.

2025 பிப்ரவரியில் ஜெர்மனி நாட்டுப் பயணி ஒருவர் இதே மலைப்பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, எச்சரித்தும் கேட்காமல் யானையைத் தாண்டிப் போகப் பார்த்தார். யானை தாக்கியதில் உயிரிழந்தார். ஆகவே யானையைக் கண்டால் முதல் கார் தூரத்திலேயே நிற்க வேண்டும். ஹாரன் கூடாது. போட்டோ எடுக்க யாரும் இறங்கக்கூடாது. யானை போன பிறகுதான் நாம் போவது.

ஆற்றில் குளிப்பதும் கிடையாது. 2023 அக்டோபரில் கோவை கல்லூரி மாணவர்கள் 5 பேர் வால்பாறை அருகே ஆற்றில் மூழ்கி இறந்த சம்பவத்தை யாரும் மறக்கவில்லை. "கால் நனைக்கிறதுகூட வேண்டாம்" என்று பாங்கி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீங்களும் போகிறீர்களா?

குடும்பத்தோடு போக நினைக்கும் வாசகர்கள் கவனிக்க வேண்டியவை:-

2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. கிளம்பும் முன்பே பதிவு செய்துகொள்வது நல்லது.

15 வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள்.

பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு தடவை யோசியுங்கள். ஞாபகம் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, டார்ச் லைட், சக்கரத்துக்கு அண்டை கொடுக்க இரண்டு மரக்கட்டை கட்டாயம் வேண்டும். குழந்தைகளுக்குத் தலைசுற்றலுக்கு எலுமிச்சம்பழம். பிளாஸ்டிக் பை, பாட்டில் வேண்டாம்.

கடைசிக் கார்

கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். முதலில் வாதாடிய அந்த வாலிபர் பெரியவரிடம் வந்தார்.

"ஐயா, நீங்க முதல் வண்டி. என் வண்டிதான் புதுசு. நான் கடைசியா வர்றேன். கயிறு, பெரிய ஜாக்கி எல்லாம் என்கிட்ட இருக்கட்டும். யாராச்சும் வழியில நின்னுட்டா நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து நாம் மறுபடியும் பட்டறைக்குப் போனோம். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் புது சிலிண்டர் மாட்டி முடித்திருந்தது. மெக்கானிக் பெடலை மிதிக்க, பெரியவர் குனிந்து ஒவ்வொரு சக்கரமாக விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கேயும் ஈரம் இல்லை.

அவருடைய மனைவியும் வந்திருந்தார். "இவர் துரைகளுக்கு ஓட்டினதை ரோட்டோரமா நின்னு பார்த்ததோட சரிங்க. உள்ளே உட்கார்ந்து போனதில்ல" என்று சொல்லிச் சிரித்தார்.

பெரியவர் நம்மைப் பார்த்து, "பேப்பர்ல இதையும் எழுதிருங்க தம்பி. நான் மெதுவாத்தான் போவேன். பின்னால வர்றவங்க யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது!" என்றார்.

எழுதிவிட்டோம்.