ஆலிவ் மர வியாதியும் நூறு நிறம் காணும் படக்கருவியும்

இலை கருகிய பின்னரே மரத்திற்கு வியாதி என்று நாம் அறிகிறோம். வியாதியோ பல மாதங்களுக்கு முன்னரே உள்ளே குடியேறியிருக்கக்கூடும். இவ்விடைக்காலத்திலேயே அதனைக் கண்டறிய உதவுவது ஹைப்பர்ஸ்பெக்டிரல் என்னும் படக்கருவி.

நமது கண் வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பெரும் பிரிவுகளாகவே உணர்கிறது. இக்கருவி அதனை நூற்றுக்கணக்கான மெல்லிய கூறுகளாகப் பிரித்து, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அளவு குறிக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத கதிர்களும் இதில் அடங்கும். அமெரிக்காவில் 1987-ஆம் வருஷம் ஆராய்ச்சிக்கு வந்த அவிரிஸ் என்னும் விமானக் கருவி 224 கூறுகளைப் பதிந்தது. வஸ்துக்கள் பலவும் வெளிச்சத்தைத் தத்தமக்குரிய விதத்தில் விழுங்குவதால், தொழிற்சாலைகளில் பருப்பினின்று ஓட்டுத் துண்டுகளை விலக்கவும், பழைய பிளாஸ்டிக்கை இனம் பிரிக்கவும் இது பயன்படுகிறது.

பசிய இலை சிவப்பையும் நீலத்தையும் பெரும்பாலும் விழுங்கிவிட்டு, சிவப்பை அடுத்த புலனாகாக் கதிர்களில் ஏறக்குறையப் பாதியைத் திருப்பி விடுகிறது. பச்சையமோ ஈரமோ குன்றினால் இக்கணக்கு மாறும். இலை பச்சையாகவே இருக்கிறதென்று நாம் எண்ணியிருக்கையிலேயே அது மாறத் தொடங்குவதுதான் விசேஷம்.

தென் இத்தாலியின் அபுலியாப் பிரதேசத்தில் 2013-ஆம் வருஷம் ஆலிவ் தோப்புகளில் சைலெல்லா என்னும் பாக்டீரியா காணப்பட்டது. இளம் பருவத்தை நுரைக்குள் கழிக்கும் ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி அதனை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கிறது. நீரேறும் குழாய்கள் அடைபட்டு, கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன. பீடித்த மரத்தைக் குணப்படுத்த மருந்தில்லை. 2015-ஆம் வருஷத்து ஐரோப்பிய விதிப்படி, ஒழிப்புப் பகுதிகளில் வியாதி கண்ட மரத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் இருந்த, அதற்கு இடங்கொடுக்கும் இனத்து மரம் செடிகளை, நோயற்றவையாயினும், களையவேண்டியிருந்தது. 2020-ல் இத்தூரம் 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. பாட்டன் காலத்து மரங்களை வெட்டுவதைக் குடியானவர்கள் எதிர்த்ததில் வியப்பில்லை.

இம்மரங்களை ஆகாயத்திலிருந்து இக்கருவியாலும் வெப்பப் படக்கருவியாலும் ஆராய்ந்தவர்கள் 2018-ல் தம் முடிவை வெளியிட்டனர். நீர் குறைந்த மரம் ஆவி விடுவதும் குறைந்து இலை சூடேறும். ஆகவேதான் வெப்பப் படமும் வேண்டியதாயிற்று. வெளிக்குறி தோன்றுமுன்னரே, ஆய்வுக்கூடப் பரீட்சையோடு ஒப்பிட, 80 சதவீதத்துக்கு மேல் சரியாய் இருந்தது.

எந்த மரத்தின் இலையைப் பரீட்சைக்கு எடுப்பது என்று தீர்மானிக்க இது மிகவும் போதும். கோடரி வைக்கப் போதாது. வறட்சியால் வாடிய மரமும் ஏறக்குறைய இதே குறியைக் காட்டக்கூடும். ஆதலால் இலைப் பரீட்சையின்றிப் படத்தை மட்டும் நம்பி ஒரு மரத்தையும் வெட்டலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

2018 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ஹைசிஸ் துணைக்கோளிலும் இவ்வகைக் கருவி இருந்தது. அதன் படத்தில் 30 மீட்டர் சதுர நிலம் ஒரே புள்ளியாகும். வயலின் பொதுநிலை அதில் புலப்படுமேயன்றி ஒற்றை மரம் புலப்படாது. அதற்கு விமானம் தாழப் பறந்தாகவேண்டும்.