உங்களுக்குத் தெரியுமா? ஹைடல்பெர்க்கின் மலைகளும் காட்டுப் பாதைகளும்

ஜெர்மனியின் தென்மேற்கே, நெக்கர் ஆறு மலைகளை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது ஹைடல்பெர்க். 1386-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், இடிந்த செந்நிற அரண்மனையும்தான் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அரண்மனையைப் பார்த்த கையோடு ஊர் திரும்புகிறவர்கள் பாதி ஹைடல்பெர்க்கைத்தான் பார்க்கிறார்கள். மீதி, மேலே காட்டுக்குள் இருக்கிறது. வாருங்கள், ஏறுவோம்.

★ ஊருக்குள் காடு
ஹைடல்பெர்க் நகர எல்லைக்குள் 40 சதவீதத்துக்கும் அதிகமான நிலம் காடு. பழைய நகரின் கடைத்தெருவிலிருந்து கால்மணி நேரம் ஏறினால் போதும், மரநிழலுக்குள் வந்துவிடலாம். பீச், ஓக் மரங்களோடு இங்கே ஏராளமாக வளர்வது செஸ்ட்நட். ரோமானியர் காலத்தில் இப்பகுதிக்கு வந்த மரம் இது. அக்டோபரில் பாதையெங்கும் உதிரும் கொட்டைகளைக் குடும்பம் குடும்பமாக வந்து பொறுக்குவார்கள்.

★ எதிரெதிரே இரு மலைகள்
ஆற்றின் தென்கரையில் கோனிக்ஷ்டூல், 568 மீட்டர். வடகரையில் ஹைலிகென்பெர்க், 440 மீட்டர். கீழே ஊர் ஏறக்குறைய 114 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் இமயமலைக் கணக்கில் சிறு குன்றுகளான இவை, ஊரிலிருந்து பார்க்கையில் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன.

★ நிலம் பிளந்த இடம்
கோனிக்ஷ்டூல் உச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் தட்டையான பெருவெளி. அதற்கும் அப்பால் இன்னொரு மலைத்தொடர். இடையிலுள்ளது ரைன் பிளவுப் பள்ளத்தாக்கு. சுமார் 300 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பகுதியில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நிலம் இழுபட்டு நடுப்பகுதி தாழ்ந்தது. இரு விளிம்புகளும் உயர்ந்தன. உச்சியில் நிற்பவர், உயர்ந்த அந்த விளிம்பில்தான் நிற்கிறார்.

★ ஆயிரம் படிக்கு மேல்
அரண்மனையின் பின்புறமிருந்து கோனிக்ஷ்டூல் உச்சிக்குக் காட்டின் ஊடே நேராக ஏறுகிறது ‘விண்ணேணி’ என்ற படிவரிசை. வடிவமைத்துச் செதுக்காத மணற்கற்கள். படிக்குப் படி உயரம் மாறும். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். மழை பெய்தால் பாசி வழுக்கும். ஆகவே படியில் ஏறி, இறங்குவதற்குச் சுற்றுப்பாதையைப் பிடிப்பது முழங்காலுக்கு நல்லது.

★ 1907-இன் மரப்பெட்டி
நடக்க இயலாதவர்களுக்கு இழுவை ரயில் உண்டு. அரண்மனை வழியாகச் செல்லும் கீழ்ப்பகுதி 1890-இல் திறக்கப்பட்டது. உச்சிவரை செல்லும் மேல்பகுதி 1907-இல் வந்தது. கீழே ஓடுவது நவீன வண்டி. மேலே இன்றும் ஓடுவது அந்தக் காலத்து மரப்பெட்டி வண்டி. முதியவர்களும் குழந்தைகளும் இதில் ஏறி உச்சிக்குப் போய்க் காட்டில் உலாவிவிட்டு வரலாம்.

★ வால்நட்சத்திரத்தை முதலில் பிடித்த மலை
கோனிக்ஷ்டூல் உச்சிக்கு அருகில் 1898 முதல் வானாய்வகம் இயங்குகிறது. அதை வளர்த்தெடுத்த மாக்ஸ் வோல்ஃப், வானத்தைக் கண்ணால் துழாவாமல் ஒளிப்படத் தகட்டில் பதிந்து சிறுகோள்களைத் தேடும் முறைக்கு முன்னோடி. நீண்ட நேரம் பதியும் படத்தில் விண்மீன் புள்ளியாக விழும். நகரும் சிறுகோள் சிறு கோடாக விழும். அந்தக் கோட்டைத் தேடித்தான் அவர் 200-க்கும் மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டுபிடித்தார். வியாழனின் பாதையிலேயே சூரியனைச் சுற்றும் ‘ட்ரோஜன்’ வகையில் முதலாவதான அக்கிலிஸ், 1906-இல் இங்கே சிக்கியது. 1910-இல் உலகமே அண்ணாந்து பார்த்த ஹாலி வால்நட்சத்திரம் திரும்பி வருவதை, 1909 செப்டம்பரிலேயே ஒளிப்படத்தில் முதலில் கண்டறிந்தவரும் வோல்ஃப்தான்.

★ சுருள் வடிவக் கட்டடம்
அதே உச்சியில் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனமும், பள்ளி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வானியலைச் சொல்லித்தரும் ‘வானியல் இல்ல’மும் இருக்கின்றன. 2011-இல் திறக்கப்பட்ட இந்த இல்லத்தை எம் 51 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தின் வடிவிலேயே கட்டியிருக்கிறார்கள்.

★ கற்கள் உருண்ட சரிவு
கோனிக்ஷ்டூலின் வடசரிவில் ‘பாறைக்கடல்’ என்ற பாதுகாக்கப்பட்ட இடம் இருக்கிறது. பனியுகத்தில் நீர் உறைந்து விரிந்து மணற்கல் பாறைகளைப் பிளந்தது. பிளந்த துண்டங்கள் சரிவில் நகர்ந்து குவிந்தன. இன்று அவற்றின்மேல் பாசியும் பெரணியும் படர்ந்திருக்கின்றன. பாதையை விட்டு இறங்கி அந்தக் கற்களில் ஏறாதீர்கள். ஒரு மிதியில் பெயரும் பாசி மீண்டும் பிடிக்க வெகுகாலம் ஆகும்.

★ மாதுளை விளையும் நடைபாதை
வடகரையில் ஹைலிகென்பெர்க் சரிவின் குறுக்கே, சுமார் 2 கிலோமீட்டர் போகிறது ‘தத்துவஞானிகள் பாதை’. முன்பு திராட்சைத் தோட்டத்து வழியாக இருந்தது. தெற்கு நோக்கிய சரிவு என்பதால் நாள் முழுக்க வெயில். வாடைக்காற்றை மலை தடுத்துவிடுகிறது. ஜெர்மானியக் குளிரிலும் இங்கே அத்தி, மாதுளை, பாதாம் எல்லாம் வளர்கின்றன. பழைய பாலத்தருகிலிருந்து பாம்புபோல் வளைந்தேறும் படிப்பாதை இங்கே கொண்டுவந்து சேர்க்கும். மாலையில் வாருங்கள். மேற்கு வெயில் பட்டுச் சிவக்கும் அரண்மனையை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆங்கிலேய ஓவியர் டர்னர் இந்த ஊரையும் அரண்மனையையும் ஆற்றுக்கு இப்பாலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்.

★ ஒரே உச்சியில் பல சாமிகள்
ஹைலிகென்பெர்க் உச்சியைச் சுற்றிக் கெல்டிய மக்கள் இரட்டை மதில் எழுப்பினார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய அந்த மதிலின் கற்குவியலை இன்றும் காட்டுப்பாதை கடந்து செல்கிறது. அவர்களுக்குப் பின் வந்த ரோமானியர்கள் மெர்க்குரி தெய்வத்துக்குக் கோயில் கட்டினார்கள். அந்த இடத்திலேயே புனித மிக்கேல் தேவாலயமும் 1023-இல் துறவிமடமும் எழுந்தன. மடத்தின் இடிபாடுகளுக்குள் தடையின்றி நடந்து பார்க்கலாம்.

★ 55 மீட்டர் ஆழக் குழி
அருகிலேயே பாறையைக் குடைந்து இறக்கிய குழி ஒன்று, சுமார் 55 மீட்டர் ஆழத்துக்குச் செல்கிறது. கெல்டியரின் வழிபாட்டுக் குழி என்பார் உண்டு. ரோமானியர் கிணறு என்பாரும், மடத்துத் துறவிகளின் நீர்த்தொட்டி என்பாரும் உண்டு.

★ காட்டுக்குள் ஒரு எச்சரிக்கை
அதே மலையில், மரங்களுக்கு நடுவே கல்படிகளால் ஆன பிரம்மாண்டமான திறந்தவெளி அரங்கு திடீரென்று எதிர்ப்படும். நாஜிகள் தங்கள் பிரசார நாடகங்களுக்காகக் கட்டியது. 1935 ஜூனில் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸே வந்து திறந்துவைத்தார். ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த நாடக முயற்சி கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோரை ஒரே குரலில் பேசவைக்கத் திட்டமிட்ட இடத்தில் இன்று பிள்ளைகள் படியேறி விளையாடுகிறார்கள். இந்த அரங்கை இடிக்காமல் விட்டது சரியென்றே சொல்வேன். ஒரு மலையின் அழகைக்கூட வெறுப்புக்குப் பயன்படுத்த முடியும் என்பதை நேரில் நின்று உணர வேண்டும்.

★ பிலிப்பைன்ஸ் நாவலின் கடைசிப் பக்கங்கள்
ஹைடல்பெர்க்கை ஒட்டிய மலைக்காட்டு ஊர் வில்ஹெல்ம்ஸ்ஃபெல்ட். பிலிப்பைன்ஸ் விடுதலை வீரர் ஹோசே ரிசால், கண் மருத்துவம் பயில வந்தபோது, 1886-இல் இங்கே பாதிரியார் ஒருவரின் வீட்டில் தங்கினார். தம் நாட்டைத் தட்டியெழுப்பிய ‘நோலி மே தாங்ஹெரே’ நாவலின் இறுதி அத்தியாயங்களை எழுதியது அங்கேதான். அந்த ஊரில் அவருக்குச் சிலை உண்டு.

★ மார்க் ட்வைன் நடந்த காடு
1878-இல் ஹைடல்பெர்க் வந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், அரண்மனைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த விடுதியில் தங்கினார். சுற்றுக் காடுகளில் அலைந்த அனுபவங்கள் 1880-இல் வெளியான அவரது பயண நூலில் இடம்பெற்றிருக்கின்றன.

★ நம்ம ஊர்க் கிளி
ஹைடல்பெர்க் மரங்களில் கீச்சிட்டுப் பறக்கும் பச்சைக்கிளிகளைக் கண்டால் கண்ணைக் கசக்க வேண்டாம். நம் தோப்புகளில் இருக்கும் அதே செந்தார்ப் பைங்கிளிதான். கூண்டிலிருந்து தப்பிய கிளிகளின் வழிவந்தவை. ரைன் சமவெளியின் மிதமான குளிரைத் தாங்கிப் பெருகிவிட்டன.

★ வறட்சியும் வண்டும்
2018 முதல் தொடர்ந்த வறட்சியால் ஸ்ப்ரூஸ் மரங்கள் வலுவிழக்க, பட்டை வண்டுகள் புகுந்தன. 2021 ஏப்ரலுக்குள் ஜெர்மனி முழுவதும் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு மரங்கள் அழிந்ததாகச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. ஒரே வகை மரத்தை வரிசையாக நட்ட காடுகளே அதிகம் அடிவாங்கின. அதனால் பல இன மரங்கள் கலந்த காடுகளை வளர்ப்பதில் வனத்துறையினர் இப்போது தீவிரம் காட்டுகிறார்கள்.

★ போகுமுன் கவனிக்க
ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை காட்டுக்குள் புகைபிடிக்கத் தடை. 2 மீட்டருக்கும் குறுகலான பாதைகளில் சைக்கிள் ஓட்டக் கூடாது. புல்லில் உண்ணிகள் இருக்கும், மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியவை. முழுக்கால் சட்டை அணியுங்கள். திரும்பியதும் உடலைச் சோதியுங்கள். மரங்களில் தீட்டியிருக்கும் வழிக்குறிகளை நம்பி நடக்கலாம். அவற்றை வரைந்து பராமரிப்பவர்கள் பெரும்பாலும் மலைநடைச் சங்கங்களின் தன்னார்வலர்கள். இப்பகுதியின் ஓடன்வால்ட் சங்கம் 1882-இலேயே தொடங்கியது.

★ காடு எல்லோருக்கும்
பொழுதுபோக்காக நடக்க விரும்பும் எவரும், தன் பொறுப்பில், காட்டுக்குள் செல்லலாம். 1975-இன் ஜெர்மானிய வனச் சட்டம் தரும் உரிமை இது. தனியாருக்குச் சொந்தமான காட்டுக்கும் இது பொருந்தும். கெல்டியர் மதில் கட்டினர், துறவிகள் மடம் கட்டினர், நாஜிகள் மேடை கட்டினர். ஒவ்வொருவரும் மலையைத் தமதாக்கிக்கொள்ளப் பார்த்தார்கள். இன்று அதே உச்சிக்கு மாணவரும் தொழிலாளியும் அகதியும் அயல்நாட்டுப் பயணியும் அனுமதிச்சீட்டு இல்லாமல் ஏறுகிறார்கள். ஊருக்கு மேலே இருக்கும் மலையைக் கட்டடங்களுக்கு விட்டுக்கொடுக்காமல், நடப்பவர்களுக்கென்று காப்பாற்றுவது ஒரு நகரம் தன் மக்களுக்குச் செய்யும் பெரிய நன்மை. ஹைடல்பெர்க் போகிறவர்கள், அரண்மனைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது அந்தக் காட்டுக்குக் கொடுங்கள்.