மூன்று நிமிடச் சண்டை

1948 ஜூன் 16ஆம் தேதி மலாயாவின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் வந்தது. அதற்குப் பின்வந்த வருஷங்களில் ரப்பர் தோட்டங்களுக்கு வானொலிப் பெட்டியும் வந்தது. வீட்டுக்கொன்று அல்ல, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. அரசாங்கம் பேசும், தோட்டம் கேட்கும். தோட்டத்துக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும் என்று ஒலிவாங்கியோடு யாராவது தொழிலாளர் லயத்துப் பக்கம் வந்ததாக என் அப்பா சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அன்று யாரும் செய்யாத அந்த வேலையை இப்போது கைப்பேசியை வைத்துக்கொண்டு நான் செய்கிறேன். பால்மரம் வெட்டியவர்கள், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் என்று யாராவது ஒருவர், ஒரே ஒரு சம்பவத்தை மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சண்டைக் கதைதான் வருகிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் யார் யாரைத் தப்பாக நினைத்தார்கள் என்பது மட்டும் எந்த வயதிலும் மறப்பதில்லை போலும்.

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் டேவிட் ஐசே என்ற வானொலிக்காரர் ஒரு சின்ன அறை வைத்தார். பெயர் ஸ்டோரிகார்ப்ஸ். தெரிந்தவர்கள் இருவர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசலாம். சம்மதித்தால் ஒரு பிரதி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். சிலவற்றைச் சில நிமிடத்துக்குச் சுருக்கி வானொலியில் போடுவார்கள். பேசுகிறவர்கள் உங்களையும் என்னையும் போல யாரோ.

எனக்கு அறையெல்லாம் இல்லை. காற்றாடியை நிறுத்துவேன். தெருவில் மோட்டார் சத்தம் இருந்தால் சன்னலைச் சாத்துவேன். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். கேள்வி ஒன்றுதான், அந்த ஒரு சம்பவத்தைப் பற்றி. "அவ்வளவுதான் டீச்சர்" என்று அவர்கள் சொன்ன பிறகும் பதிவை நிறுத்துவதில்லை. நிஜக் கதை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரையைத் தொடாது; முணுமுணுத்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். என் பெரியம்மாவும் சின்னம்மாவும் அப்படிப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். தோட்டம் வீடமைப்புக்குப் போனபின் ஒருவர் தஞ்சோங் ரம்புத்தான், ஒருவர் பத்து காஜா. பெரியம்மா பேத்தியின் கல்யாணப் பத்திரிகை சின்னம்மாவுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாகப் போனது. தாம்பூலத்தட்டோடு நேரில் வரவில்லையே என்று அவருக்கு மனத்தாங்கல். பேரனைக் கூப்பிட்டு, "பெரிய வீட்டு விசேஷம், நம்மளக் கேட்டா நடக்கப் போவுது? நல்லா நடக்கட்டும்னு போட்டு விடுய்யா" என்றாராம். பேரனுக்கு அவசரம். 'நல்லா நடக்கட்டும்' என்பதை மட்டும் தட்டி, கும்பிடும் கை ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டான். பெரியம்மா முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்துக் காத்திருந்தார். சின்னம்மா வரவில்லை. அதோடு பேச்சு நின்றது.

எழுத்தில் தொனி இப்படித் தொலைந்துபோவதை அமெரிக்காவில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி குழுவினர் 2005இல் வெளியிட்டது. சிலரைக் கிண்டலாகவும் நிஜமாகவும் சில வாக்கியங்களை அனுப்பச் சொன்னார்கள்; மின்னஞ்சலிலும் குரலிலும். எது கிண்டல் என்று எதிராளி 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் இரண்டிலுமே நம்பினார்கள். குரலில் 73 சதவீதம் சரியாக வந்தது. எழுத்தில் 56. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்!

புலனத்தில் குரல் பதிவு 2013லேயே வந்துவிட்டது. சின்னம்மா சொன்னதை அப்படியே குரலில் அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே பெரியம்மா வெற்றிலை பாக்கோடு கார் ஏறியிருப்பார்.

இருவரையும் தனித்தனியாகப் பதிவு செய்தேன். ஒருவருடையதை மற்றவருக்குப் போட்டுக் காட்டச் சம்மதம் வாங்கிக்கொண்டேன். தங்கச்சி குரலைக் கேட்டதும் பெரியம்மா கல்யாணத்தைப் பற்றிப் பேசவேயில்லை. "இவளுக்கு எப்பத்துலேருந்து இந்த இருமல்? டாக்டர்கிட்ட காட்டுனாளா?" என்றார்.

சின்னம்மா கேட்டது வேறு. பெரியம்மா தன் பதிவில் போகிற போக்கில், 'அவதான் அம்மா தோட்டை எடுத்துக்கிட்டுப் போனா' என்று ஒரு வார்த்தை விட்டிருந்தார். எனக்கு அது காதிலேயே விழவில்லை. சின்னம்மா அதைப் பிடித்துக்கொண்டார். இப்போது இருவரும் தினமும் ஃபோனில் பேசுகிறார்கள், முக்கால்வாசி அந்தத் தோட்டைப் பற்றித்தான். அதற்குத் தனியாக இன்னொரு மூன்று நிமிடம் வேண்டும் என்று சின்னம்மா கேட்டிருக்கிறார். தீபாவளி கழித்துப் போகிறேன்.