பனி டயரும் பெட்ரோல் கணக்கும்

ஹைபிரிட் கார் வாங்கியவரை ஒரு வியாதி சீக்கிரமே தொற்றிக்கொள்ளும். சாலையைப் பார்ப்பதைவிட டாஷ்போர்டில் ஓடும் லிட்டர் கணக்கை அதிகம் பார்ப்பார். டொரொன்டோவிலோ மொன்றியாலிலோ டொயோட்டா பிரியஸ் ஓட்டுகிற எவரையும் கேட்டுப்பாருங்கள். கோடையில் 100 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர் என்று பெருமையாகச் சொல்வார். நவம்பர் நடுவில் பனி டயர் மாட்டுவார். ஜனவரியில் அதே கார் ஆறரை லிட்டர் குடிக்கும். பழி நேராக டயர் மீது விழும். அடுத்த வருடம் மாற்றாமலே ஓட்டிவிட்டால் என்ன என்ற யோசனையும் அங்கேதான் முளைக்கிறது.

டயருக்கு வக்காலத்து வாங்கத்தான் இந்தக் கட்டுரை. அந்த இரண்டு லிட்டரில் டயரின் பங்கு மிகச் சிறியது. பெரும் திருடன் குளிர்தான்.

அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு இது: வெப்பநிலை 25 டிகிரியிலிருந்து மைனஸ் 7-க்கு இறங்கும்போது, நகருக்குள் ஓடும் சாதாரண பெட்ரோல் கார் தன் மைலேஜில் ஏறத்தாழ 15 சதவீதத்தை இழக்கிறது. ஹைபிரிட் இழப்பது 30 முதல் 34 சதவீதம். மைலேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பெட்ரோல் செலவு ஒன்றரை மடங்காகிறது. நாலரை லிட்டர் ஆறே முக்காலைத் தொட இது ஒன்றே போதும். டயரைக் கழற்றவே வேண்டாம்.

ஹைபிரிட்டுக்கு மட்டும் ஏன் இரட்டை அடி? சிக்னலிலும் நெரிசலிலும் இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஊர்ந்து போவதில்தான் அதன் சிக்கனமே இருக்கிறது. குளிர்காலத்தில் காருக்குள் சூடு வேண்டும். பெரும்பாலான ஹைபிரிட்களில் அந்தச் சூடு இன்ஜினிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே கார் நிற்கும்போதும் இன்ஜின் ஓடுகிறது. குளிர்ந்த பேட்டரி முன்புபோல மின்சாரத்தை வாங்கவும் மாட்டாது, கொடுக்கவும் மாட்டாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கடைக்குப் போய் வரும் சின்னச் சின்ன ஓட்டங்களில் இன்ஜின் சூடேறி முடிப்பதற்குள் வீடு வந்துவிடுகிறது.

இனி டயரின் கணக்கு. டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி, விலகியதும் மீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த ரப்பர் கொஞ்சம் சக்தியை விழுங்கிச் சூடாக மாற்றுகிறது. இதைத்தான் உருள் தடை என்கிறோம். அமெரிக்காவின் போக்குவரத்து ஆய்வு வாரியம் 2006-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உருள் தடையை 10 சதவீதம் குறைத்தால் மைலேஜ் 1 முதல் 2 சதவீதம் கூடும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பனி டயரின் உருள் தடை பழைய டயரைவிட 20 சதவீதம் அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 2 முதல் 4 சதவீதம். குளிர்காலம் முழுக்க 8,000 கிலோமீட்டர், நூறுக்கு ஆறு லிட்டர் என்றால் மொத்தம் 480 லிட்டர். அதில் டயர் குடித்தது 10 முதல் 19 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்றாலும் முப்பது டாலரைத் தாண்டாது. ஒரு பம்பரை மாற்ற ஆகும் கூலியின் பக்கத்தில் அது நிற்குமா?

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேய்ந்த டயர் புதிய டயரைவிட லேசாக உருளும். நசுங்கி மீள ரப்பர் குறைவாக இருப்பதுதான் காரணம். அதோடு அதன் சுற்றளவும் சிறுத்துவிடுகிறது. 195/65ஆர்15 டயரில் 6 மில்லிமீட்டர் ரப்பர் தேய்ந்தால் சுற்றளவு கிட்டத்தட்ட 2 சதவீதம் குறையும். சக்கரம் அதிகம் சுற்றும். மீட்டர் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் கணக்கெழுதும். மொட்டையாய்ப் போன பழைய டயரையும் புத்தம்புதுப் பனி டயரையும் ஒப்பிடுகிறவர், பாதி நேரம் மீட்டர் சொன்ன பொய்யைத்தான் ஒப்பிடுகிறார்.

சரி, எந்த டயரை வாங்குவது? பக்கவாட்டில் பொறித்திருக்கும் அடையாளத்திலிருந்து தொடங்க வேண்டும். எம்+எஸ் என்ற எழுத்துகள் பெரும்பாலான ஆல் சீசன் டயர்களில் இருக்கும். அது பட்டனின் அமைப்பைப் பற்றி உற்பத்தியாளர் சொல்லும் சொல். அதற்குப் பனியில் சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதனுள் ஒரு பனித்துகள்: இந்தச் சின்னம் 1999-ல் வந்தது. இதைப் பெற, இறுகிய பனியில் ஒரு நிர்ணய டயரோடு போட்டியிட்டு, குறிப்பிட்ட அளவு கூடுதல் பிடிப்பைக் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சோதனை அளப்பது வண்டி கிளம்பும்போது கிடைக்கும் பிடிப்பை. பிரேக் அடித்தால் எங்கே நிற்கும், கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியில் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் கிடையாது. சின்னம் இல்லாததைத் தொடவே வேண்டாம். சின்னம் இருப்பதெல்லாம் சமம் என்றும் நினைக்க வேண்டாம்.

இந்தச் சின்னம் பெற்றவற்றில் இரண்டு ஜாதி உண்டு. வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓட்டும் ஆல் வெதர் டயர் ஒன்று. மிஷ்லன் கிராஸ்கிளைமேட் 2, டோயோ செல்சியஸ், நோக்கியனின் டபிள்யூஆர்ஜி வரிசை இந்த ரகம். குளிருக்கென்றே வார்த்த முழுப் பனி டயர் மற்றது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, 7 டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது. பனி டயரின் ரப்பர் மைனஸ் 20-லும் இளகியே இருக்கும். என் அபிப்பிராயம் இது: ஸ்கார்பரோ, மிசிசாகா மாதிரி உடனுக்குடன் பனியை வழித்து உப்புத் தூவும் இடத்தில், வீடும் வேலையும் நகருக்குள்ளேயே என்றால் நல்ல ஆல் வெதர் போதும். ஒட்டாவா, மொன்றியால், சட்பரி பக்கம் வசிக்கிறவரோ, விடியுமுன் ஹைவேயில் ஏறுகிறவரோ முழுப் பனி டயரைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

பிடிப்பு வேண்டுமென்றால் ரப்பர் மென்மையாக நெளிய வேண்டும். பெட்ரோல் மிச்சமாக வேண்டுமென்றால் நெளியாமல் உருள வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. 1990-களின் தொடக்கத்தில் மிஷ்லன் ரப்பரில் சிலிக்காவைக் கலந்து விற்கத் தொடங்கியபோது அந்தப் பகை கொஞ்சம் தணிந்தது. ஜப்பானில் வேறொரு திசையிலிருந்து தீர்வு வந்தது. அங்கே ஆணி பதித்த டயர்கள் தார்ச்சாலையைச் சுரண்டிக் கிளப்பிய தூசியில் வடக்கு நகரங்கள் மூச்சுத் திணறின. 1990-ல் அவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே பிரிட்ஜ்ஸ்டோன் தன் பிலிசாக் டயரை இறக்கியிருந்தது. ஆணி கிடையாது, ரப்பரிலுள்ள நுண்துளைகள் பனிக்கட்டி மேல் படியும் மெல்லிய நீரை உறிஞ்சிக்கொள்ளும். பனிக்கட்டியில் பிடிப்புதான் முதல் கவலை என்பவர்கள் இன்றும் பிலிசாக்கிடம்தான் போகிறார்கள். பிடிப்போடு லேசான உருளலும் வேண்டுமென்கிற ஹைபிரிட்காரர்கள் மிஷ்லன் எக்ஸ்-ஐஸ் பக்கமோ, ஃபின்லாந்தின் நோக்கியன் ஹக்கப்பெலிட்டா ஆர் வரிசைப் பக்கமோ சாய்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஐரோப்பாவில் இந்தத் தலைவலி குறைவு. 2021 மே முதல் அங்கே விற்கும் டயரில் உருள் தடைக்கு ஏ முதல் இ வரை தரம் ஒட்டியிருக்கிறது. பனிக்கும் பனிக்கட்டிக்கும் தனித்தனிச் சின்னம். வட அமெரிக்காவில் அப்படி ஒரு ஒட்டுத்தாள் கட்டாயமில்லை. கனடாவில் வாங்குகிறவர், அதே மாடலை அதே அளவில் ஐரோப்பாவில் விற்கிறார்களா என்று பார்த்து, அந்தத் தரத்தை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். ரப்பர் கலவை இடத்துக்கு இடம் மாறக்கூடும் என்பதால் அதையே வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

பிராண்டைவிட அளவு முக்கியம் என்பேன். பனிக்கு நல்லதும் பெட்ரோலுக்கு நல்லதும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது. மூன்றாம் தலைமுறை பிரியஸ் சில 215/45ஆர்17 டயரோடு வந்தன. அதே கார் 195/65ஆர்15-லும் வந்தது. குளிர்காலத்துக்கு 15 அங்குல இரும்பு ரிம்மில் ஒல்லியான டயரை மாட்டினால், எடையெல்லாம் குறுகிய இடத்தில் இறங்கி டயர் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே பிடிக்கிறது. காற்றைக் கிழிக்கும் முகமும் சிறிது. விலையும் குறைவு, குழியில் விழுந்தாலும் ரிம் தப்பும். 2023-ல் வந்த புதிய பிரியஸின் உயர்ந்த மாடல்களில் 195/50ஆர்19 என்ற விசித்திர அளவு. கடைகளில் அந்த அளவுப் பனி டயருக்குத் தேர்வு சொற்பம். அதே காரின் அடிப்படை மாடலுக்கு டொயோட்டாவே 195/60ஆர்17 கொடுப்பதால், குளிருக்கு அந்த அளவுக்கு இறங்கலாம். உங்கள் மாடலில் பிரேக் மேல் ரிம் உரசாதா என்பதை மட்டும் கடையில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

டயர் மாற்றும் பருவத்தில் ஸ்கார்பரோவின் ஒரு சின்ன கராஜில் காதில் விழுந்த உரையாடல் இது. காசை மிச்சம் பிடிக்க வந்தவர் கேட்டார்: "முன்னுக்கு ரெண்டு மட்டும் போட்டாக் காணாதோ தம்பி? இழுக்கிறது முன் சில்லுதானே?" புது டயரைத் தூக்கி வந்த இளைஞர் அதன் பட்டனில் நகத்தை வைத்து அழுத்தினார். கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய பிளவுகள் வாய் திறந்தன. பிறகு அவருடைய பழைய டயரில் அழுத்திக் காட்டினார், அசையவில்லை. "அண்ணை, முன்னுக்கு இது பிடிக்கும், பின்னுக்கு அது பிடியாது. வளைவில பிரேக் அடிச்சா பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு போகும்." நாலும் மாற்றப்பட்டன. கனடாவின் போக்குவரத்துத் துறையும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வகை டயர் என்றுதான் சொல்கிறது.

ஹைபிரிட்டுக்கு இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. பிரேக் மிதிக்கும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. சக்கரம் வழுக்கினால் அந்த வேலையை நிறுத்திவிட்டு, சாதாரண பிரேக்கிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். ஒரு கணம் கார் முன்னே பாய்வதுபோல் இருப்பது அதனால்தான். பிடிப்புள்ள டயரில் இந்தக் குறுக்கீடு குறையும். சேரவேண்டிய மின்சாரமும் பேட்டரிக்குச் சேரும்.

சட்டம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1-லிருந்தே கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் பனி டயர் மாட்டியவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தந்தே ஆக வேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. கேட்டால்தான் கிடைக்கும், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்ரோலை உண்மையாகவே மிச்சம் பிடிக்க நினைத்தால் காற்றைப் பாருங்கள். வெப்பநிலை ஐந்தரை டிகிரி இறங்கினால் டயரில் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ குறையும். அக்டோபரின் 15 டிகிரியில் 35 பிஎஸ்ஐ அடைத்துவிட்டு மறந்தவர், மைனஸ் 15-ல் முப்பதுக்கும் கீழே உருட்டிக்கொண்டிருப்பார். உருள் தடையும் கூடும், டயரின் ஓரமும் தேயும். வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் கிளம்புமுன் அளக்க வேண்டும். அளவு கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும்.

பழைய டயர் வாங்குகிறவர் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளுக்குப் பின்னுள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க வேண்டும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். காடியின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கடும் பனிக்கு அது ஆகாது. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். ஏப்ரலில் பகல் வெப்பம் 7 டிகிரிக்கு மேலேயே நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். சூடான தார்ச்சாலையில் அந்த மென்ரப்பர் மளமளவெனத் தேயும். கழற்றும்போது எது எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். நவம்பரில் முன்னதைப் பின்னுக்கு மாற்றிப் போட அது உதவும்.