மூன்றாண்டுப் படிப்பும் முப்பது லட்சக் கடனும்

திருப்பதியில் எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்க இடம் கிடைத்து வரும் தமிழ் மருத்துவர்களுக்கு, முதல் மாதமே ஊரிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "மூன்று வருஷம் வாடகை கொடுத்து அழுவதைவிட, ஒரு வீட்டை வாங்கிப் போட்டால் என்ன?" கேட்பவர் பெரும்பாலும் தகப்பனார், சில வேளை மாமனார். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ரூயா ஆஸ்பத்திரியும் ஸ்விம்ஸும் அலிபிரிச் சாலையில் அருகருகே இருக்கின்றன. நள்ளிரவில் அழைப்பு வந்தால் ஓடிச் செல்ல வீடு பக்கத்தில் இருப்பது பெரும் வசதி. ஆயினும், பெரியோர் வீட்டைக் கட்டிப் பார்க்கத்தான் சொன்னார்கள். வாங்கிவிட்டு ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை!

படிக்கும்போதே வீடு வாங்கலாம் என்ற யோசனை அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே மருத்துவருக்கென்றே தனிக் கடன் உண்டு. நாளை வரப்போகும் சம்பளத்தை நம்பி, முன்பணம் மிகக் குறைவாக வாங்கிக் கொண்டும் சில வங்கிகள் கொடுக்கின்றன. இங்கோ வங்கி இன்றைய உதவித்தொகையைத்தான் பார்க்கும். ஆகவே தகப்பனாரும் கூட்டுக் கடன்காரராகக் கையெழுத்திட வேண்டி வரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் விலை 36 லட்சம், கடன் 30 லட்சம், வட்டி நூற்றுக்கு எட்டரை, தவணை 20 ஆண்டு என்று கொள்வோம். மாதம் ஏறக்குறைய 26,000 ரூபாய் கட்ட வேண்டும். மூன்றாண்டில் கட்டியது 9,37,000. அதில் அசலில் கழிவது இரண்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு, மிச்சமெல்லாம் வட்டி! ஆந்திரத்தில் முத்திரை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு ஏழரை, அதாவது இன்னும் 2,70,000. ஆகத் திரும்பி வராத பணம் பத்து லட்சத்துக்கு மேல். மாதம் 12,000 ரூபாய் வாடகைக்கு இருந்திருந்தால் மூன்றாண்டுச் செலவு 4,32,000. ஆகவே, வீட்டின் விலை ஆறு லட்சம் போல் ஏறினால்தான் வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் சமமாவார்கள். ஏறலாம். ஆனால் டி.எம். படிக்க வேறு ஊரில் இடம் கிடைத்து அவசரமாக விற்பவருக்கு நல்ல விலை கிடைப்பது அரிது.

திருப்பதியிலேயே தொழில் நடத்துவது என்று உறுதி செய்தவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர் தாராளமாக வாங்கலாம். அவர் அஞ்ச வேண்டியது வட்டிக்கன்று, நிலத்துக்கு.

1843 முதல் 1933 வரை திருமலைக் கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்திடம் இருந்தது. 1933இல் தேவஸ்தானத்திடம் வந்தது. கோயிலுக்கும் மடத்துக்கும் உரிய நிலங்கள் திருப்பதியைச் சுற்றிப் பல இடங்களில் உண்டு. அன்றியும், நிலமற்ற ஏழைகளுக்குச் சர்க்கார் ஒப்படைத்த நிலங்கள் சித்தூர்ச் சீமையில் ஏராளம், டி.கே.டி. பட்டா என்பார்கள். 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றை விற்பது செல்லாது. வாங்கியவருக்கு உரிமை வராது. சர்க்கார் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். 2023இல் வந்த திருத்தம் 20 ஆண்டு கடந்த நிலங்களுக்கு வழி திறந்தது என்றாலும், தரகர் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கலாகாது.

இங்கேதான் நம்மவர் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, அதில் ஒன்றுமில்லை என்று மகிழ்ந்து விடுகிறார்கள். வில்லங்கச் சான்று பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைத்தான் காட்டும். நிலம் ஆதியில் மடத்தினுடையதா, ஒப்படைப்பு நிலமா என்று அது சொல்லாது. அதற்குப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின் கீழுள்ள தடைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தில் 2007இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. சர்வே எண்ணைக் கொடுத்துப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே தேடலாம். வருவாய்த் துறையின் அடங்கலையும் 1-பி பதிவையும் உடன் வைத்து ஒப்பிட வேண்டும். அடுக்கு மாடி வீடாயினும் அது நிற்பது ஒரு சர்வே எண்ணின் மேல்தான் என்பதை மறக்கலாகாது. புதிய கட்டிடத்தில் எட்டு வீட்டுக்கு மேலோ, மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ இருந்தால், ரெரா பதிவு எண்ணையும் கேட்க வேண்டும். வங்கி கடன் கொடுத்ததே நிலம் நல்லது என்பதற்குச் சாட்சி என்று சிலர் வாதிப்பார்கள். நிலம் போனாலும் கடன் நம் தலையில்தான் இருக்கும்!

பத்திரம் தெலுங்கில் இருக்கும். தெலுங்கு பேசத் தெரிந்த நம் நண்பர் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. பத்திரத் தெலுங்கு அவ்வூராருக்கே கடினம். விற்பவர் அழைத்து வராத ஒரு வக்கீலைத் தேடி, மூலப் பத்திரம் முதல் வரிக்கு வரி வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். பதிவுக்கு நாள் குறிக்கும்போது உங்கள் பணிப் பட்டியலையும் பார்த்துக் கொள்ளுங்கள். இரவுப் பணி முடிந்த காலையில் மட்டும் வேண்டாம்.